தெர்மாமீட்டரில் 38... ஜுரமா, இல்லையா?

போன மாதம் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். எதிர் வீட்டு மருமகள் கதவைத் தட்டினாள். தோளில் இரண்டு மாதக் குழந்தை, கையில் தெர்மாமீட்டர்.

"மாமி, உடம்பு அனலாக் கொதிக்குது. ஆனா இதிலே முப்பத்தெட்டு புள்ளி நாலுதான் காட்டுது. நூறைத் தாண்டினாத்தானே ஜுரம்? இது கெட்டுப் போச்சா?"

கெட்டுப் போகவில்லை. அது செல்சியஸ் கணக்கில் காட்டியது. அவள் மனசில் இருந்ததோ நம் பாட்டி காலத்துப் பாரன்ஹீட் நூறு. பதினோரு மணிக்கே 38 காட்டியதாம். நூறுக்கு எவ்வளவோ கீழேதான் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டாள், பாவம். 38 செல்சியஸ் என்றால் 100.4 பாரன்ஹீட். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த 38 வந்தாலே, நள்ளிரவானாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். கை வைத்தியம், வீட்டிலிருக்கும் சொட்டு மருந்து எதுவும் கூடாது. ஆட்டோ பிடித்து ஓடினோம். சிறுநீரில் கிருமியாம். குழந்தை இப்போது சௌக்கியம்.

இத்தனைக்கும் அவள் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள்! 'ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டு' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பரீட்சைக்கு வந்த சூத்திரம் தொட்டில் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நோட்டுப் புத்தகத்தில் தொடங்காதீர்கள். தையல் பெட்டியைத் திறங்கள்.

அளவு டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். நீளம் ஒன்றுதான், எண்தான் வேறு. இதைக் குழந்தை சட்டென்று பிடித்துக்கொள்ளும். டேப்பில் இரண்டு பக்கமும் ஒரே முனையில், பூஜ்யத்தில், தொடங்குகின்றன. உஷ்ணத்தில் அப்படி இல்லை. ஐஸ் உருகும் இடத்தைச் செல்சியஸ் 0 என்கிறது, பாரன்ஹீட் 32 என்கிறது. தண்ணீர் கொதிக்கும் இடம் அதற்கு 100, இதற்கு 212. இடையில் செல்சியஸுக்கு 100 படி, பாரன்ஹீட்டுக்கு 180 படி. ஆக, ஒரு செல்சியஸ் படிக்கு 1.8 பாரன்ஹீட் படி. ஒன்பதும் ஐந்தும் வந்தது இப்படித்தான். 32 ஏன் என்பதும் புரிந்துவிடும்.

பிள்ளைகள் தவறாமல் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 'ஜுரம் 2 டிகிரி செல்சியஸ் இறங்கியது, பாரன்ஹீட்டில் எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள். 35.6 என்று எழுதும்! இறங்கிய அளவுக்கு 32 சேர்க்கக் கூடாது. இரண்டு படிதானே இறங்கினோம்? 3.6தான் விடை. என் பேரனுக்கு மாடிப்படியில் இறங்கி நின்று காட்டிய பிறகுதான் ஏறியது.

மனக்கணக்குக்கு ஒரு வழி: இரண்டால் பெருக்கு, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழி, 32 கூட்டு. 39க்குப் போடுவோமா? 78. அதில் 7.8 போக 70.2. 32 சேர்த்தால் 102.2. பேப்பர் பென்சில் வேண்டாம், அடுப்படியிலிருந்தே சொல்லலாம். 'வெயில் சதமடித்தது' என்று தமிழ்ப் பேப்பரில் போடும்போது, அந்த நூறு செல்சியஸில் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். 32ஐக் கழித்து 1.8ஆல் வகுத்தால் 37.8. கேக் செய்முறையில் 350 பாரன்ஹீட் என்று இருந்தால் அவனைத் திருப்பிவிட வேண்டிய இடம் 180 செல்சியஸ் பக்கம். இதைத் தெரியாமல் நான் கரித்த கேக்குகளைப் பற்றி இன்னொரு நாள்!

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்கு ஓடாது. அதனால் அந்தப் பெண்ணின் பீரோக் கதவில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்: 37 – 98.6, 38 – 100.4; 39 – 102.2, 40 – 104. நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் போன் செய்யும்போது எண்ணோடு செல்சியஸா பாரன்ஹீட்டா என்பதையும், அக்குளில் வைத்ததா வாயிலா என்பதையும் சொல்லுங்கள். அக்குளில் சற்றுக் குறைவாகக் காட்டும். பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களை இரண்டு கணக்குக்கும் மாற்ற முடியும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் பழகினதில் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு விடுமுறைப் புதிர் ஒன்று: இரண்டு கணக்கிலும் ஒரே எண் வருகிற உஷ்ணநிலை எது? நாளெல்லாம் தேடட்டும். உங்களுக்கு மட்டும் விடை சொல்கிறேன்: மைனஸ் 40.