அரை யூனிட்டில் எண்ணூர்

முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு எலெக்ட்ரிக் வண்டி செய்து தருகிறேன் என்று தங்கையிடம் நான் வாயை விட்டது பொங்கலன்று. சர்க்கரைப் பொங்கல் இரண்டாம் தடவை இலையில் விழுந்துகொண்டிருந்த நேரம். சாப்பிடுகிற ஆண்பிள்ளை எதற்கும் தலையாட்டுவான் என்பது பெண்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அவள் வீடு எண்ணூரில். மாப்பிள்ளைக்கு ராயபுரத்தில் கடலோரமாக ஒரு குடோனில் வேலை, அதுவும் செகண்ட் ஷிப்ட். ராத்திரி பத்து மணிக்கு விடுவார்கள். அதற்கு மேல் ஷேர் ஆட்டோ கிடைப்பது அவரவர் ஜாதகத்தைப் பொறுத்தது. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் குடோனிலிருந்து ஸ்டேஷனுக்கும், விம்கோ நகரிலிருந்து வீட்டுக்கும் அவர் முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே! பழைய மொபெட்டை பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோதே விற்றாகிவிட்டது. கையில் இருந்தது தங்கை எடுத்த சீட்டுப் பணம் 30 ஆயிரம். அடுத்த சீட்டு எடுக்க இரண்டு வருஷம் ஆகும். அதாவது இந்தப் பணத்தில் தப்புப் பண்ண எனக்கு உரிமை கிடையாது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வண்டி செய்வது ஒன்றும் புதுசு இல்லை. திருவொற்றியூரில்தான் 1950-களில் புல்லட் பிறக்க ஆரம்பித்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்ததுதான் எம்.ஆர்.எஃப். இதே என்ஃபீல்டு 1980-களில் மோஃபா என்று 22 சி.சி.யில் ஒரு குட்டி மொபெட் விட்டது. ஞாபகம் இருப்பவர்கள் கை தூக்கலாம். இப்போது 2024 நவம்பரில் மிலானில், யுத்த காலத்தில் பாராசூட்டில் இறக்கிய தன் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்ற குட்டி பைக்கின் பெயரிலேயே ஒரு எலெக்ட்ரிக் பைக்கைக் காட்டியிருக்கிறார்கள். அது நம் சீட்டுப் பணத்துக்குக் கட்டுப்படியாகிற சமாச்சாரம் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் 2013-ல் ஏத்தர் கம்பெனியை ஆரம்பித்தார்கள். முதலில் நல்ல பேட்டரி மட்டும் செய்யலாம் என்றுதான் நினைத்தார்களாம். அப்போது ஓடிக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களைப் பார்த்துவிட்டு, வண்டியையே செய்ய இறங்கினார்கள். முதல் வண்டி விற்றது 2018-ல். ஐந்து வருஷம்! நான் தங்கைக்குச் சொன்ன கெடு நாலு ஞாயிற்றுக்கிழமை.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், மோட்டார் வாங்க ஓடாமல் முதல் ஞாயிறு முழுக்க நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தது. போக 14 கிலோமீட்டர், வர 14, டீக்கடைக்கு 2. ஆக 30. ரோடு கிட்டத்தட்ட சமதளம். ஆள் 70 கிலோ, சைக்கிளும் பேட்டரியும் 30. இந்தச் சுமை 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, சிக்னலில் நின்று கிளம்புவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு சுமார் 12 வாட் அவர் மின்சாரம் வேண்டும். 30-க்கு 360. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் அவர். சார்ஜர் சூடாகி வீணடிப்பதையும் சேர்த்தால் ஒரு நாள் வேலைக்குப் போய் வர அரை யூனிட்டுக்கும் குறைவு! அதே தூரத்துக்கு மொபெட் அரை லிட்டர் குடிக்கும்.

“மாப்ளே, 25-க்கு மேல போகாது” என்றேன்.

“ஒரு முப்பத்தஞ்சு வெச்சுக்கலாமே மச்சான்?”

இங்கேதான் பட்ஜெட் கவிழும். சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவனுக்கு முதல் எதிரி காற்று. 25-லிருந்து 35 ஆக்கினால் காற்றைத் தள்ள மட்டும் கிலோமீட்டருக்கு இரண்டு மடங்கு செலவு. பெரிய பேட்டரி, பெரிய மோட்டார், அதைத் தாங்க கனமான வண்டி, அதை நிறுத்த பெரிய பிரேக். ஒரு ஆசையின் பின்னால் நாலு பில். போதாததற்குச் சட்டம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25-க்குள், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். ஆனால் அதையும் சோதனை ஏஜென்சி ஒன்று பார்த்துச் சான்று தர வேண்டும். கடையில் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது அளவுக்குள்தான் இருக்கிறது, சான்றுதான் இல்லை. போலீஸ்காரர் கேட்டால் மாப்பிள்ளை பெடலை மிதித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

இரண்டாம் ஞாயிறு, தேரடிப் பக்கம் ஒரு சைக்கிள் மெக்கானிக்கைப் பிடித்தேன். நான் காட்டிய பளபள அலுமினியம் சைக்கிளை அவர் தொடவே இல்லை. “இது ஷோவுக்கு சார். உங்களுக்கு அந்தக் காலத்து இரும்பு வண்டிதான் கரெக்ட்டு” என்று பரணிலிருந்து ஒரு பழைய கறுப்பு சைக்கிளை இறக்கினார். பால்காரர் சைக்கிள்! கம்பி பிரேக், கேரியர், நாலு கிலோமீட்டர் கேட்கிற மணி.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது சட்டத்தின் ஒரு சின்னப் பிளவு மட்டும்தான். அலுமினியமாக இருந்தால் ஒரு நாள் பிளந்துகொள்ளும், சக்கரம் தனி வழி போகும். இரும்பு தாங்கும். அது போதாதென்று பட்டை இரும்பில் ஒரு துண்டு வெட்டி, அச்சுக்குக் கைப்பிடி மாதிரி மாட்டிவிட்டார். மோட்டார் உட்கார சட்டத்தின் பின்கால்கள் இரண்டையும் கொஞ்சம் விரிக்க வேண்டியிருந்தது. இரும்பு முனகாமல் விரிந்து கொடுத்தது.

கம்பி பிரேக்கை மட்டும் கழற்றச் சொன்னேன். இரும்பு ரிம்மில் மழைத் தண்ணீர் பட்டால் ரப்பர் சும்மா தடவிக் கொடுக்கும், நிறுத்தாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நமக்குப் பக்கத்தில் வருவது கன்டெய்னர் லாரி. அது தடவிக் கொடுக்காது. இரண்டு சக்கரத்துக்கும் அலுமினியம் ரிம், கேபிள் பிரேக், பிடியைத் தொட்டதும் மோட்டார் கரன்ட் நிற்கிற ஸ்விட்ச், பின்னால் பெரிய சிவப்பு விளக்கு, வலது பக்கம் கண்ணாடி. இந்தக் கணக்கில் பேரம் பேசவில்லை.

மூன்றாம் ஞாயிறு பேட்டரி. மொத்தச் செலவில் பாதி அதுதான். 12 வோல்ட் லெட் ஆசிட் மூன்று போட்டால் சீப், ஆனால் 12 கிலோவுக்கு மேல் கனம், தினம் அடிவரை இறக்கினால் சீக்கிரம் கண்ணை மூடும். மாப்பிள்ளை ஒரு கடையைக் கண்டுபிடித்து வந்தார். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த லித்தியம் செல்களைக் கட்டிக் கொடுப்பார்களாம். பாதி விலை! எனக்கும் சபலம்தான். ஏழாயிரம் மிச்சம் என்றால் சும்மாவா?

தங்கை மோர் கொண்டுவந்து வைத்தாள். “இதை எங்கண்ணா சார்ஜ் போடறது?”

“பிளக்கு எங்க இருக்கு?”

“வாசல் பக்கம். ஒண்ணுதான் இருக்கு.”

“அப்ப அங்கதான்.”

“வாசலும் ஒண்ணுதாண்ணா இருக்கு. அது எரிஞ்சா பசங்களைத் தூக்கிட்டு நான் எந்தப் பக்கமா ஓடறது?”

மோர் தொண்டையில் நின்றது. 2022 மார்ச்சில் வேலூர் பக்கத்தில், ராத்திரி சார்ஜுக்குப் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டில் இப்படி வரிசையாகத் தீ விபத்துகள். அதற்கப்புறம்தான் வண்டிப் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் காற்று இருந்தது, எடை இருந்தது, சட்டம் இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரே வாசல் என்பது மட்டும் இல்லை.

பேட்டரி என்பது கூட்டுக் குடும்பம். பன்னிரண்டு அண்ணன் தம்பிகள் வரிசையாகக் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவன் நோஞ்சானாக இருந்தால், மற்றவர்களுக்குச் சரியாக இருக்கிற சார்ஜ் அவனுக்கு அதிகமாகிச் சூடேறுவான். யார் எவ்வளவு சாப்பிட்டான் என்று பார்த்து, ஒருவன் நிரம்பியதும் பந்தியை நிறுத்துகிற மாமியார் ஒருத்தி வேண்டும். அதுதான் பி.எம்.எஸ். என்கிற சின்ன போர்டு. பழைய லேப்டாப் செல்கள் பன்னிரண்டு வீட்டிலிருந்து பிடித்து வந்த பன்னிரண்டு வயசுக்காரர்கள். எந்த மாமியாராலும் சமாளிக்க முடியாது.

புது லித்தியம் பாஸ்பேட் செல் வாங்கினோம். கொஞ்சம் கனம் கூட. ஆனால் சென்னை வெயிலைத் தாங்கும், மற்ற லித்தியம் வகைகளைப் போல லேசில் பற்றிக்கொள்ளாது, ஆயுசும் அதிகம். அதற்காக டிஜிட்டல் மீட்டர் போயிற்று, ஷாக் அப்சார்பர் போயிற்று, பெயின்ட் போயிற்று, மாப்பிள்ளையின் முப்பத்தைந்தும் போயிற்று. பட்ஜெட் வண்டி என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மட்டமானது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை சார். எதெல்லாம் இல்லாமல் இருக்கலாம் என்று தைரியமாகத் தூக்கிப்போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற இரண்டு மூன்றை உசத்தியாக வாங்குவது.

பேட்டரியைக் கழற்றி எடுக்கிற மாதிரிதான் மாட்டியிருக்கிறது. ராத்திரி வந்ததும் சார்ஜ் கிடையாது. காலையில், வெளித் திண்ணையில், தங்கை கண்ணெதிரே. மூன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். உப்புக் காற்றுக்கு ஒயர் மூட்டுகளில் கிரீஸ். கரன்ட்? எங்கள் பக்கத்துச் சரக்குதான். பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடினாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னையும் வல்லூரும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. அரை யூனிட்டுக்கு 300 கிராமுக்கு மேல் நிலக்கரி. புகையில்லா வண்டி என்று நான் பெருமையடித்தபோது தங்கை ஜன்னல் விளிம்பை விரலால் தடவிக் காட்டினாள். சாம்பல். பதில் சொல்லவில்லை.

மொத்தச் செலவு 30 ஆயிரத்து 640. அந்த 640 என் வாய்க்கு அபராதம்.

முதல் நாள் ராத்திரி பதினொன்றே காலுக்கு போன் வந்தது. அலறிப் பிடித்து எடுத்தேன்.

“வந்துட்டாருண்ணா. ஆனா உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது.”

“ஏன், பேட்டரி நின்னு போச்சா?”

மாப்பிள்ளையே போனை வாங்கினார். “சேச்சே, முக்கால்வாசி அப்படியே இருக்கு மச்சான். ரோடு சமமாத்தானே இருக்கு, கரன்ட்டை எதுக்கு வீணாக்கணும்னு மிதிச்சிட்டே வந்துட்டேன்.”