கூடங்குளத்துச் சமாதானம்

வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாத கம்ப்யூட்டருக்கு ஆபத்து ஏது என்று உத்தியோகஸ்தர்கள் சொல்வதும், ஜனங்கள் தலையசைத்துவிட்டுப் போவதும் நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. இந்தச் சமாதானத்தின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

கடலாடித் தாலுகாவின் கரையோடு தென்மேற்கே போனால் கூடங்குளம் வரும். அங்கே 1000 மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள் நடக்கின்றன. 2019-ஆம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி அந்நிலையத்தார், தங்கள் கட்டுப்பாட்டு யந்திரங்கள் இண்டர்நெட்டோடு சேராமல் தனித்திருப்பவை, ஆகையால் அவற்றின்மேல் தாக்குதல் நடக்கவே முடியாது என்று அறிக்கை விட்டார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகத்தார், தங்கள் கம்ப்யூட்டரில் மால்வேர் என்னும் கள்ள நிரல் புகுந்தது மெய்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஸ்தாபனம் செப்டம்பர் 4-ந் தேதியே இதைத் தெரிவித்திருந்ததாம்! புகுந்த இடம் இண்டர்நெட்டோடு சேர்ந்த ஆபீஸ் கம்ப்யூட்டர், உலையை நடத்தும் யந்திரமல்ல என்றார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் "முடியாது" என்ற சொல்லுக்கு அது ருஜுவாகுமா?

ஈரான் தேசத்து நத்தான்ஸ் ஆலையும் தனித்திருந்ததுதான். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரல் அங்கே புகுந்து, யுரேனியம் செறிவூட்டும் சுழல் யந்திரங்களைக் கெடுத்தது. சட்டைப்பையில் அடங்கும் பென் டிரைவில் தொற்றிப் பரவும்படியே அது செய்யப்பட்டிருந்தது.

உள்ளே போன நிரல் செய்தியை வெளியே அனுப்பவும் இண்டர்நெட் வேண்டியதில்லை. இஸ்ரேலின் பென்-குரியன் சர்வகலாசாலையார் 2014-ல், கம்ப்யூட்டர் திரையின் கம்பியிலிருந்து ரேடியோ அலை எழுப்பி, 7 மீட்டர் தூரம் வரை செல்போனில் பிடித்துக் காட்டினார்கள். பிறகு, உள்ளே சுழலும் காற்றாடியின் இரைச்சலாலும், சிறு விளக்கின் மினுக்கலாலும் செய்தி கடத்திக் காட்டினார்கள். இவையெல்லாம் நிரல் முன்னமே உள்ளே புகுந்திருந்தால்தான் நடக்கும். பலவும் கிட்டத்திலிருந்துதான் நடக்கும். ஆனால் ஒரு கடவுச்சொல்லைக் கடத்தச் சில நிமிஷம் போதாதா?

தனித்து வைப்பது நல்ல காவல்தான். ஆனால் யந்திரத்துக்குத் தொடர்பில்லாவிட்டாலும், அதைத் துடைக்கிறவருக்கும், பழுது பார்க்கிறவருக்கும், மேலதிகாரிக்கும் வெளியுலகத் தொடர்பு உண்டல்லவா? உள்ளே யார் எதைக் கொண்டுபோகிறார்கள்? செல்போன் எங்கே நிறுத்தப்படுகிறது? சம்பந்தமில்லாத நிபுணர்கள் எப்போது சோதித்தார்கள்? ரகசியத்தை வெளியிடும்படி நாம் கேட்கவில்லை. சோதனை நடந்ததா, தேறியதா என்பதையாவது இக்கரையில் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்லட்டும்.

தாயத்துக் கட்டினவன் பேய் அண்டாது என்றால் சிரிக்கிற நாம், உத்தியோகஸ்தர் தாக்குதல் அண்டாது என்றால் மாத்திரம் ருஜு கேட்காமலிருப்பது எப்படி அறிவுடைமையாகும்?