சாப்ட்வேர் பொதுச்சொத்து, பெயருமா?

எங்கள் ஆழ்வார்குறிச்சியில் நான்கைந்து கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்து வருகிறார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. "விண்டோஸ் 11 ஏறாதாம், இந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதானா?" என்று கேட்பவர்களின் வீட்டுக்கே போய் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. காபி கொடுத்தால் குடிப்பார்கள்.

போன மாதம் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். குழுவுக்கு வெப்சைட் தொடங்கப் போகிறார்களாம். ஊர்ப் பெயரையும் உபுண்டு என்ற பெயரையும் சேர்த்து டொமைன் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டாயிற்று. முகப்பில் உபுண்டுவின் வட்ட லோகோ. அதே லோகோவில் டி-சர்ட். டி-சர்ட் விற்ற காசில் அடுத்த வருட டொமைன் கட்டணம். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அனுமதி வாங்கியாச்சா தம்பி?" என்றேன்.

"ஓப்பன் சோர்ஸ்தானே அண்ணாச்சி, இதுக்கு யார்ட்ட கேக்கணும்? பேரை மட்டும் பூட்டி வச்சிருக்காவளா?"

ஆமாம், பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். அது சரிதான் என்பது என் கட்சி.

திருநெல்வேலி அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமைப் பால், சர்க்கரை, நெய். கிண்டும் முறை யாருக்கும் தனிச்சொத்து இல்லை. நீங்களும் வீட்டில் கிண்டலாம், கடை போட்டு விற்கலாம். ஆனால் நெல்லையப்பர் கோயில் எதிரே உள்ள இருட்டுக்கடையின் பெயரை உங்கள் டப்பாவில் ஒட்ட முடியாது. ஓப்பன் சோர்ஸும் இப்படித்தான். லைசென்ஸ் உங்களுக்குத் தருவது புரோகிராமை: காப்பி எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பெயரும் லோகோவும் டிரேட்மார்க் என்ற வேறு சட்டத்தில் வருகின்றன. அப்பாச்சி 2.0 லைசென்ஸில், டிரேட்மார்க் உரிமை இதில் அடங்காது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நமக்கு புரோகிராமைப் படித்துப் பார்க்கத் தெரியாது. பெயரையும் லோகோவையும் பார்த்துத்தான் டவுன்லோட் செய்கிறோம். பலர் வைத்திருக்கும் விஎல்சி பிளேயர் இலவசம். அதை உருவாக்குவது வீடியோலேன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. அதே பிளேயரோடு விளம்பர சாப்ட்வேரையும் வேவு பார்க்கும் சாப்ட்வேரையும் சேர்த்துக் கட்டி, விஎல்சி என்ற பெயரிலேயே சில வெப்சைட்டுகள் கொடுப்பதாக 2011-ல் அந்த அமைப்பே எச்சரித்தது. பெயர் யாருக்கும் சொந்தமில்லை என்று வைத்துக்கொண்டால், அசலைக் கண்டுபிடிக்க உங்களுக்கும் எனக்கும் வேறு வழி ஏது?

பெயரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸே சாட்சி. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டபோது பெயரைப் பதிவு செய்யவில்லை. லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத வில்லியம் டெல்லா குரோச்சே என்பவர் 1994-ல் அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு விண்ணப்பித்து, பதிவும் வாங்கிவிட்டார். பிறகு லினக்ஸ் விற்ற நிறுவனங்களிடம் வருமானத்தில் 10 சதவீதம் கேட்டார்! வழக்குப் போட்டு, 1997-ல் சமரசமாகி, அதன்பிறகே பெயர் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. இன்று அந்தப் பெயரை உங்கள் பொருளின் பெயரில் சேர்க்க, லினக்ஸ் பவுண்டேஷன் இலவசமாகவே அனுமதி தருகிறது.

உபுண்டு பெயரின் சொந்தக்காரர் கெனானிக்கல் நிறுவனம். அதைப் பற்றி எழுதலாம், பேசலாம், பரப்பலாம். ஆனால் டொமைன் பெயரில் சேர்க்கவும், டி-சர்ட் போன்றவற்றில் போடவும் அனுமதி வேண்டும் என்கிறது அவர்கள் விதி. பையன்களின் திட்டம் இரண்டு இடத்திலும் இடித்தது. வேர்ட்பிரஸும் அப்படியே. அதன் பெயர் 2010 முதல் வேர்ட்பிரஸ் பவுண்டேஷன் வசம். முழுப் பெயரை டொமைனில் வைக்கக் கூடாது. பைத்தான் பவுண்டேஷனோ, பைத்தானைப் பரப்ப நடக்கும், கட்டணமின்றிச் சேரக்கூடிய பயனர் குழுக்கள் அந்தப் பெயரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே சொல்லிவிட்டது. சின்ன ஊர்க் குழுவுக்கு இதுதான் நல்ல விதி. வக்கீல் பாஷையில் பக்கம் பக்கமாக இருந்தால் பி.எஸ்சி. முதலாண்டு பையன் எங்கே போய்ப் படிப்பான்?

விதியை இழுத்துப் பிடித்து நட்பைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. டெபியன் லினக்ஸில் பயர்பாக்ஸ் பிரவுசர் இருந்தது. அதன் லோகோ சுதந்திரமானதல்ல என்று டெபியன் லோகோவை மட்டும் எடுத்துவிட்டது. லோகோ இல்லையென்றால் பெயரும் இல்லை, மாற்றங்களையும் எங்களிடம் காட்ட வேண்டும் என்றது மொசில்லா. விளைவு, 2006-ல் பயர்பாக்ஸ் டெபியனில் "ஐஸ்வீசல்" ஆனது. எரியும் நரிக்குப் பதில் பனி மரநாய்! சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பயர்பாக்ஸைத் தேடிய புதியவர் அதைக் காணாமல் விழித்திருப்பார். 2016-ல்தான் பழைய பெயர் திரும்பியது. சென்ட்ஓஎஸ் கதை இன்னும் வேடிக்கை. 2005-ல் ரெட்ஹேட்டின் வக்கீல் கடிதம் வந்தபின், அவர்கள் வெப்சைட்டில் ரெட்ஹேட் பெயரையே சொல்லாமல் "வட அமெரிக்காவின் பிரபல லினக்ஸ் நிறுவனம்" என்று குறிப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாத அந்தக் கால ஆச்சிகள் ஞாபகம் வருகிறது.

பையனிடம் நான் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான். குழுவுக்குச் சொந்தப் பெயர் வையுங்கள். உபுண்டு என்ற சொல்லை வெப்சைட்டின் உள்ளே தேவையான இடத்தில் எழுதுங்கள். "நாங்கள் ஆர்வலர்கள், கெனானிக்கலின் கிளை அல்ல" என்று முதல் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். உபுண்டுவை டவுன்லோட் செய்ய அசல் தளத்துக்கே லிங்க் கொடுங்கள். டி-சர்ட்டில் உங்கள் படம். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஊர்ப் பெயரில்தான் அறியப்படுகின்றன, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அரை மனதோடுதான் போனான். நல்லவேளை, டொமைனுக்கு இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை. கடனாநதியின் பெயரை வைக்கலாம் என்று ஒருவனும், பக்கத்துச் சிவசைலத்தையும் சேர்க்க வேண்டும் என்று இன்னொருவனும் மல்லுக்கட்டுவதாகக் கேள்வி. எதற்கும் இருக்கட்டும் என்று, டி-சர்ட்டுக்கு அனுமதி கேட்டுக் கெனானிக்கலுக்கு ஒரு இமெயிலும் போட்டிருக்கிறார்களாம். பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.