வட்டமிட்ட விமானம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில், மகனையோ மருமகனையோ வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இல்லங்கள் பல. பால்கோவாப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துத் திருச்சி விமான நிலையம் வரை சென்று வழியனுப்பிய அன்பர்கள், 2024 அக்டோபர் 11 மாலையை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலெழுந்த சிறிது நேரத்திற்குள் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுபட்டது. ஏறத்தாழ 140 பேருடன் அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்து நின்றன. சக்கரம் வெளிவருமோ வராதோ என்று தொலைக்காட்சிகள் ஓயாமல் பேசி, வீட்டிலிருந்தோரின் நெஞ்சைப் பதறவைத்தன. அவ்வளவு ஆரவாரம் தேவைதானா? இரவு 8 மணிக்குச் சற்றுப் பின், விமானம் சக்கரங்களை ஊன்றி வழக்கம்போலவே இறங்கிற்று.

அப்படியானால் உடனே இறக்கியிருக்கலாகாதா எனப் பலர் வினவினர். காரணம் எடைதான். அது போயிங் 737 வகை விமானம். 79 டன் வரை எடையுடன் மேலெழும் 737-800, இறங்கும்போது 66 டன்னுக்குச் சற்று மேல்தான் இருக்கலாம். எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி அதற்கு இல்லை. பறந்துதான் எரித்துத் தீர்க்க வேண்டும். ஆண்டாள் கோயில் தேரை அசைப்பதைக் காட்டிலும், ஓடும் தேரை முட்டுக்கட்டையிட்டு நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூராருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஹைட்ராலிக் என்பதும் புதிரான பொருளன்று. லாரிப் பட்டறையில் ஜாக்கி வண்டியைத் தூக்குகிறதே, அதே எண்ணெய் அழுத்தந்தான் விமானச் சக்கரங்களை மடக்கவும் நீட்டவும் செய்கிறது. அவ்வழுத்தம் அறவே போய்விட்டாலும் வழியுண்டு. துணை விமானியின் இருக்கைக்குப் பின்னே, தரையில் ஒரு சிறு மூடி. அதைத் திறந்து மூன்று கைப்பிடிகளை இழுத்தால் பூட்டுகள் விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து நிலைகொள்ளும். மூன்று பச்சை விளக்குகள் எரிந்தால் சக்கரங்கள் உறுதியாகப் பூட்டிக்கொண்டன என்று பொருள்.

அந்த விளக்கே ஒருமுறை எமனாயிற்று. 1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் மயாமி நகரருகே, முன்சக்கரத்துக்குரிய விளக்கு எரியவில்லை. பல்பு பழுதாகியிருந்தது, அவ்வளவே. விமானிகள் யாவரும் அதிலேயே கருத்தூன்றியிருக்க, விமானம் தாழ்ந்துகொண்டே சென்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் மாண்டனர். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்து நகரின் மேல் நிகழ்ந்தது வேறு விதம். சக்கரத்தைப் பற்றிய ஐயத்தால் ஒரு மணி நேரம் சுற்றியதில் எரிபொருளே தீர்ந்துவிட்டது. 10 பேர் இறந்தனர். இரண்டிலும் சக்கரங்கள் கீழே சரியாகத்தான் இருந்தன!

போர்ட்லாந்தில் எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அறிந்திருந்தும், தலைமை விமானியிடம் அழுத்திச் சொல்லவில்லை. ஆகவே அந்த விமான நிறுவனம் 1981 முதல் ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கிற்று. ஒருவர் பழுதைக் கவனிக்க, மற்றவர் பறப்பதை மட்டுமே கவனிக்க வேண்டும். இளையவர் கண்ட குறையை மூத்தவர் முகஞ்சுளிக்காமல் கேட்க வேண்டும். இன்று உலகெங்கும் விமானிகள் இப்பயிற்சியைப் பெறுகிறார்கள். மாமனார் முன் வாய்திறக்கத் தயங்கும் நம் வீட்டு மருமகன்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

திருச்சியில் இறங்கிய பயணிகளுக்கு மாற்று விமானம் ஏற்பாடாயிற்று.