அரைச் சோறு, இரட்டைக் காய்... கேட்டு வாங்குங்கள்!

"ஐயா, மத்தியானம் ஓட்டல்லதான் சாப்பிடுறேன். சாப்பிடலாமுங்களா, கூடாதுங்களா?"

நாடி பார்த்து, மருந்து கொடுத்து, பத்தியம் சொல்ல ஆரம்பித்ததும் அநேகம் பேர் கேட்கிற கேள்வி இது. "ஓட்டல் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டால் வைத்தியருக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கேட்கிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

அறந்தாங்கியிலிருந்து பஸ் ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவர். கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து சேலை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து வைக்கிற பெண். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்த விவசாயி. முள்ளூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு வெளியே காத்துக் கிடக்கிற மகன். இவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர முடியுமா? முடியாதவரிடம் "வீட்டுச் சாப்பாடு மட்டும்" என்று சொல்வது பத்தியம் அல்ல, வெறும் உபதேசம்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். எந்த ஓட்டலில், எதை, எவ்வளவு சாப்பிடலாம்?

என் கட்சி இதுதான். மத்தியானம் ஒரு வேளைக்கு மட்டும் சமைத்து, தீர்ந்ததும் கதவைச் சாத்துகிற சின்ன மெஸ் இருக்கிறதே, அது ஊர் ஆரோக்கியத்துக்கு ஒரு தூண். ஆனால் அங்கே இலையில் விழுகிற சோற்றுக்கும் காய்க்கும் உள்ள கணக்கு மாற வேண்டும். அதை மாற்றுகிற சக்தி முதலாளியைவிட உங்களிடம்தான் அதிகம்!

நம்ம ஊர் மத்தியானம்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டம் ஆனது. 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மன்னர் அரண்மனையில்தான் இப்போது கலெக்டர் ஆபீஸ். மாவட்டத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஒரு கையெழுத்து, ஒரு ஸ்கேன், ஒரு கல்யாணப் பட்டு என்றால் இந்த ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தவருக்கு ஒரு மணிக்குப் பசிக்கும். இங்கே இத்தனை மெஸ்கள் உண்டானதற்கு அந்தப் பசிதான் காரணம்.

ருசிக்கும் குறைவில்லை. அசைவச் சாப்பாட்டுக்குப் பழனியப்பா மெஸ்ஸை விசாரித்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. தெற்கே ராயவரம், கோனாபட்டு, ராங்கியம் பக்கம் போனால் செட்டிநாட்டுக் கைப்பக்குவம். கிழக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்றால் மீன் குழம்பு. சாயங்காலமானால் அவித்த முட்டையை மசாலாவில் புரட்டித் தருகிற 'முட்டை மாஸ்' வேறு! சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் 2018-ல் ஆரம்பித்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. அவர்கள் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். வயல்வெளியில் ஒரே தடவை சமைக்கிறார்கள். சமைத்ததைச் சூட்டோடு பகிர்ந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். நல்ல மெஸ்ஸின் இலக்கணமும் அதுவேதான்.

போர்டைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

ஓட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஏ.சி. இருக்கிறதா, மேஜை பளபளக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் நேரம்.

சமைத்த உணவைச் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைத்தே ஆக வேண்டுமென்றால் 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும். சோற்றில் ஒரு கிருமி உண்டு. கொதித்தாலும் அதன் வித்துகள் சாகாது. சோறு ஆறிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அந்தக் கிருமி உண்டாக்குகிற ஒரு நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. நேற்றைய சோறு இன்றைய 'ஃப்ரைட் ரைஸ்' ஆவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இப்போது சின்ன மெஸ்ஸை யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி, இரண்டரைக்கு "தீந்துபோச்சுண்ணே, நாளைக்கு வாங்க." அந்த 'தீந்துபோச்சு' இருக்கிறதே, அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். மிச்சம் வைத்து நாளைக்குப் போடுவதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சர்டிபிகேட் வேறென்ன? காலை 11 மணி முதல் இரவு 11 மணி வரை எண்பது அயிட்டம் கிடைக்கிறது என்றால், அதில் எத்தனை இன்றைக்குச் செய்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலை. எத்தனை பேர் சாப்பிட்டு, எந்த வாளித் தண்ணீரில் அலசிய தட்டோ என்கிற கவலை வாழை இலையில் இல்லை. ஒரு தடவை விரித்தால் அதோடு சரி. கீரமங்கலம், வடகாடு பக்கத்து வாழைத் தோட்டங்களை 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் சாய்த்துப் போட்டதை நாம் மறக்க முடியாது. இலை போடுகிற மெஸ்ஸில் சாப்பிடுவது அந்த விவசாயிக்கும் ஒரு கை கொடுப்பதுதான். தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துச் சூடான சோற்றைக் கொட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தாளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பார்சலுக்கும் இதே நியாயம்தான். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் ஒரு தூக்குவாளி கொண்டு போனால் என்ன?

மூன்றாவது, எண்ணெய். வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, கமறல் அடித்தால் அன்றைக்கு வடை, அப்பளம், பொரித்த கறி எதுவும் வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் கழிவுச் சேர்மங்கள் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாடு முழுக்கச் சட்டமே இருக்கிறது. அதை அளக்கக் கருவி உண்டு. கருவி இல்லாத நமக்கு மூக்கு இருக்கிறது!

சோறு ஏன் மலை மாதிரி?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நல்ல மெஸ்ஸாகவே பார்த்து உட்கார்ந்துவிட்டீர்கள். இலையில் என்ன விழுகிறது? நடுவில் சோற்று மலை. ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல், ஒரு ஸ்பூன் கூட்டு. சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு இன்னொன்று.

இதில் முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். இந்த 'அளவில்லாச் சாப்பாடு' யாருக்காக வந்தது? வானம் பார்த்த பூமியில் மண்வெட்டி பிடித்தவருக்கும், லாரியில் மூட்டை ஏற்றியவருக்கும். அவர்களுக்கு அத்தனை சோறும் நியாயம்; வியர்வையில் கரைந்துவிடும். நாமோ பைக்கில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, பைக்கில் வீடு திரும்புகிறோம். உடம்பு மாறிவிட்டது, இலை மட்டும் மாறவில்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை வரும் தறுவாயில் இருப்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல்!

பெரியவர்கள் சொன்ன கணக்கு என்ன? அரை வயிறு அன்னம், கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த தேரையரின் நோயணுகா விதியில், சாப்பாட்டோடு சேர்கிற தண்ணீர் நன்றாகக் காய்ச்சியதாகவும், மோர் நிறைய நீர் சேர்த்ததாகவும், நெய் உருகியதாகவும் இருக்க வேண்டும் என்கிறார். மெஸ்ஸிலும் இதைச் செய்யலாம். வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்கள். கட்டித் தயிருக்குப் பதில் நீர்மோர் கேட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புப் போடாத மோராகக் கேட்க வேண்டும். ரசம் கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. மிளகும் சீரகமும் பூண்டும் சேர்ந்து செரிமானத்தைத் தூண்டும் என்பது எங்கள் மருத்துவம். அதை ஒரு டம்ளரில் வாங்கிக் குடித்தால் போதும். அதற்கென்று தனியாக ஒரு குன்று சோறு எதற்கு?

"அப்படின்னா சிறுதானிய ஓட்டலுக்குப் போயிடுறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. நல்லதுதான். நம் மாவட்டத்துப் பாட்டிமார் வரகும் கேழ்வரகும் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் வரகும் மாவுச்சத்துதான். அதை நெய்யில் மிதக்கவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தானியத்தின் பெயரைவிட அளவு முக்கியம்.

ஒருவர் கேட்டார், நடந்தது

என்னிடம் வருகிற ஒருவர். நாற்பது தாண்டியவர், கடையில் கணக்கு எழுதுகிறார். சர்க்கரை, கூடவே மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றுகிற தூக்கம். தினமும் ஒரே மெஸ்தான். "சோத்தைப் பாதியாக் குறைங்க, காயை ரெண்டு மடங்கா வாங்குங்க, முதல்ல காயைச் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துல கை வைங்க" என்றேன். "கேட்டா கேலி பண்ணுவாங்களே ஐயா" என்று தயங்கினார். இருந்தாலும் கேட்டிருக்கிறார். மெஸ் நடத்துகிற அக்கா சொன்ன பதில்: "இம்புட்டு நாளா யாரும் கேக்கலியே தம்பி! சோத்தை இலையோட வழிச்சுக் கொட்டுறதைவிட இது எவ்வளவோ தேவலாம்." இப்போது அதே பந்தியில் இன்னும் சிலர் அப்படிக் கேட்டு வாங்குகிறார்களாம்.

அவருக்கு மாத்திரை நின்றுவிடவில்லை; நிறுத்தச் சொல்லவும் இல்லை. நீங்களும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஆனால் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை முன்போல் எகிறுவதில்லை. மத்தியானத் தூக்கமும் போயிற்று. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பிறகு சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன.

அசைவக்காரர்களுக்கும் இதே கணக்குதான். கறிக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சோற்றை இறக்குவதற்குப் பதில், கறித் துண்டோ மீன் துண்டோ இரண்டு, சோறு பாதி. மீன் சாப்பிட்ட கையோடு தயிர் வேண்டாம் என்பது எங்கள் பத்தியம். அன்றைக்கு ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் விசைப்படகுகள் போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன், இல்லாவிட்டால் வெளியூர் ஐஸ் மீன். "இது எங்கத்து மீன்ணே?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

மெஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

காய் விலை உங்களுக்குத்தான் தெரியும். சோறுதான் மலிவு, அதைத்தான் தாராளமாகப் போட முடியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கரும்பலகையில் இன்றைய குழம்பு எழுதுகிறீர்களே, அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: 'அரைச் சோறு, இரட்டைக் காய்ச் சாப்பாடு கிடைக்கும்'. பத்து ரூபாய் கூடக் கேளுங்கள். வாங்குகிறவரும் கொடுக்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

கடை முதலாளிகளுக்கும் ஒன்று. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் செய்தது. இருக்கை கொடுத்தீர்கள், சரி. நிதானமாகச் சாப்பிட அரை மணி நேரம் கொடுக்கிறீர்களா? ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு எந்த மெஸ் சோறும் மருந்தாகாது.

வாசகர்களே, வாடகையும் கேஸ் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. கூட்டும் பொரியலும் ரசமும் வைக்கிற கடையை நாம் கைவிட்டால், அந்த இடத்தில் பரோட்டாக் கல்லும் ஃப்ரைட் ரைஸ் அடுப்பும் வரும். அப்புறம் வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாத அந்த டிரைவரும் ஜவுளிக்கடைப் பெண்ணும் எங்கே போவார்கள்? ஓட்டல்காரர் நாம் கேட்பதைத்தான் சமைக்கிறார். நாளைக்கு மத்தியானம் இலை போட்டதும், சோற்று வாளி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, சோறு பாதி போதும். கூட்டு இன்னொரு கரண்டி!"