ரேடியேட்டர் மூடி

கோடை விடுமுறைக்கு மும்பையிலிருந்து காரிலேயே ஊர் புறப்படும் நம் அன்பர்கள் டயரையும் எண்ணெயையும் தவறாது பார்ப்பர். ரேடியேட்டர் மூடியை நாம் எவரும் நினைப்பதில்லை. அது வெறும் மூடியன்று. உள்ளிருக்கும் வில்லினால் அழுத்தத்தைக் காப்பது. வெளிக்காற்றினும் ஒரு பார் அழுத்தம் மிகுந்தால், 100 பாகையில் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாது. வில் தளர்ந்தாலோ, ரப்பர் வளையம் வெடித்தாலோ, கண்டாலா ஏற்றத்திலேயே நீர் பொங்கி வழியக்கூடும், எஞ்சினுக்கும் கேடு.

ஆகவே, புறப்படுமுன் எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே மூடியைக் கழற்றி வளையத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். பிளவு கண்டால், அதில் பொறித்துள்ள அதே அழுத்த எண் கொண்ட புது மூடியை இடுக. வழியில் சூடேறினால் திறவாதீர்கள். அழுத்தம் நீங்கிய கணமே கொதிநீர் முகத்தில் பாயும். காத்திருக்கும் ஒரு மணி நேரம் பெரிதன்று. குழந்தைகளுடன் நலமே ஊர் சேர்வதே பெரிது.