கல்யாணத் தேதி ஓகே... விசா தேதி?

ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம், சித்திரை பிறக்கறதுக்குள்ள பொண்ணு அங்க போய்ச் சேர்ந்துடணும். ஒருவர் வெளிநாட்டில், இன்னொருவர் இங்கே என்ற நிலையில் கல்யாணம் பேசும் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு ஓடுகிறது. முகூர்த்தம் பார்க்க ஜோசியர், மண்டபம் பார்க்க மாமா, லீவ் பார்க்க மாப்பிள்ளை. விசா? 'அது கல்யாணம் முடிஞ்சதும் அப்ளை பண்ணிக்கலாம்.'

சிக்கல் தொடங்குவதே அந்த ஒரு வரியில்தான். துணைவருக்கான விசாவில் என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று எல்லோரும் தேடிப் படிக்கிறார்கள். எப்போது கல்யாணம், எப்போது விண்ணப்பம், எப்போது பயணம் என்ற மூன்று தேதிகளின் வரிசையை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஆவணம் குறைந்தால் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். தேதி வரிசை தப்பினால் சில நாடுகளில் ஒரு உரிமையே கைவிட்டுப் போய்விடும்.

கனடா: சொல்லாமல் விட்ட மனைவி

கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக நிரந்தரக் குடியுரிமைக்கு, அதாவது பிஆருக்கு, ஒருவர் தனி ஆளாக விண்ணப்பிக்கிறார். முடிவு வருவதற்குள் ஊரில் கல்யாணம் முடிந்துவிடுகிறது. 'இப்போ போய் மனைவி பெயரைச் சேர்த்தா ஃபைல் லேட்டாகும், பாயின்ட் குறையும். முதல்ல நாம போவோம், அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்' என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் கனடாவின் குடியேற்ற ஒழுங்குமுறையில் 117(9)(டி) என்று ஒரு விதி இருக்கிறது. ஒருவர் பிஆர் ஆகும் நேரத்தில் அவருடைய கணவனோ மனைவியோ அறிவிக்கப்பட்டு, மருத்துவம் உள்ளிட்ட பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்படவில்லை என்றால், பின்னாளில் அவர்களைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. இதைத் தளர்த்தும் சிறப்பு ஏற்பாடு ஒன்று 2019-இல் வந்தது. அது தற்காலிகமானது, நிபந்தனைகளும் உண்டு. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. தவிர, தகவலை மறைத்தது பொய்த் தகவலாகக் கருதப்பட்டால் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையவே தடை வரும்.

பாயின்ட் குறையும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. 20 முதல் 29 வயதுக்கு, தனி ஆளாக இருந்தால் 110 மதிப்பெண். துணையோடு விண்ணப்பித்தால் 100. ஆனால் துணை உடன் வரவில்லை என்று குறிப்பிட்டால் மதிப்பெண் தனி ஆளுக்கானதுதான். ஆக, துணை இருக்கிறார், இப்போது உடன் வரவில்லை என்று உண்மையைச் சொல்லலாம். துணையே இல்லை என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கனடா குடிமகன் வெளிநாட்டில் இருந்தபடியே துணையை ஸ்பான்சர் செய்யலாம். துணைக்கு பிஆர் கிடைத்ததும் கனடாவில் வந்து வாழப்போவதைக் காட்டினால் போதும். பிஆர் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது, கனடாவில் வசிக்க வேண்டும். எனவே கல்யாணம் முடிந்து 'விசா வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் கோயம்புத்தூர்லயே இருப்போம்' என்று முடிவெடுக்கும் முன், கையில் இருப்பது எந்த அட்டை என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கா: ஒரு மாத வித்தியாசம், பல வருடக் காத்திருப்பு

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் கல்யாணம் செய்தால் துணைக்கு ஹெச்-4 கேட்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் அந்த ஹெச்-1பி ஆள் கிரீன் கார்டு வரிசையிலும் நிற்கிறார் என்றால், கல்யாணத் தேதி வேறு மாதிரி கனம் பெறுகிறது.

கிரீன் கார்டு கிடைக்கும் முன்பே திருமணம் நடந்திருந்தால், துணைவரும் அதே வரிசையில் சேர்ந்து வரும் உரிமை பெறுகிறார். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு திருமணம் நடந்தால் அந்த உரிமை இல்லை. ஹெச்-1பி அந்தஸ்தும் அப்போது முடிந்துவிடுவதால் ஹெச்-4 வழியும் மூடிவிடும். புதிதாக எஃப்2ஏ பிரிவில் மனு போட்டு, மாதாமாதம் வரும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேலைவாய்ப்பு வழியில் இந்தியர்களுக்கான வரிசை பத்தாண்டுகளுக்கும் மேல் நீள்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அவ்வளவு காலம் காத்திருந்தவருக்கு கிரீன் கார்டு வந்து, அடுத்த மாதம் முகூர்த்தம் என்றால், அந்த ஒரு மாதம் புது ஜோடியைப் பிரித்து வைக்கும்.

இதற்கு நேர் எதிரான பொறியும் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ, 21 வயது தாண்டிய, மணமாகாத பிள்ளைக்காக எஃப்2பி பிரிவில் மனு போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை கல்யாணம் செய்துகொண்ட அன்றே மனு செல்லாததாகிவிடும். மணமான பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய அமெரிக்கக் குடிமக்களால்தான் முடியும். அந்த வரிசையும் இந்தியர்களுக்குப் பத்தாண்டுகளைத் தாண்டுகிறது. 'வயசாகுதே' என்று அவசரமாகக் கல்யாணத்தை முடித்துவிட்டு, அதன் பிறகு வக்கீலிடம் போனால் அவர் கையை விரிப்பதைத் தவிர வழியில்லை.

'முதல்ல ரிஜிஸ்டர் பண்ணிடுவோம்'

இதைப் படித்ததும் பலருக்குத் தோன்றும் யோசனை: மண்டபக் கல்யாணம் அப்புறம், பேப்பரில் இப்போதே பதிவு செய்துவிடலாம். நம்ம ஊரில் இது சகஜம். ஆனால் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தைப் பற்றியே பேசியது. சடங்கு எதுவும் நடக்காமல் வெறும் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால், இந்துத் திருமணச் சட்டப்படி அது திருமணமே ஆகாது என்றது தீர்ப்பு. வெளிநாடு போக நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக முன்கூட்டியே பதிவு செய்வதையும் கண்டித்தது. பதிவு என்பது நடந்த திருமணத்துக்கான சாட்சி மட்டுமே. விசா அதிகாரி முன் வைக்கும் அடிப்படை ஆவணமே பின்னாளில் ஆட்டம் காணலாம் என்றால், அந்த மிச்சப்படுத்தல் எதற்கு?

நல்ல வேளையாக, தமிழ்நாட்டில் இதற்குச் சுலபமான, சட்டப்படியான வழி இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணம். உறவினர்களோ நண்பர்களோ சாட்சியாக இருக்க, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை என்பதை 2023-இல் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. வீட்டு ஹாலில் உண்மையாகவே நடந்த எளிய கல்யாணம், அதன் பிறகு பதிவு, வசதிப்பட்ட நாளில் பெரிய வரவேற்பு. வரிசை சரியாகிவிடும். இந்தப் பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வரும் இருவருக்கு மட்டுமே பொருந்தும்.

வேறு மதத்தவரைத் திருமணம் செய்வோருக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் முன்னறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். மூணு வாரம் லீவ் போட்டு வரும் மாப்பிள்ளை ஒரே பயணத்தில் இதை முடித்துவிட்டுப் போக முடியாது. டிக்கெட் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம் இது. எந்த முறைத் திருமணமானாலும், தமிழ்நாட்டில் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். 'ஹனிமூன் முடிச்சுட்டு பாத்துக்கலாம்' என்று ஆரம்பித்து அந்தக் கெடுவைத் தவறவிடுவோர் ஏராளம்.

பிரிட்டன்: சம்பளத்துக்கும் காலண்டர் உண்டு

பிரிட்டிஷ் குடிமகன் அல்லது அங்கே நிரந்தரமாக வாழ அனுமதி பெற்றவரின் துணைக்கு, ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு இது 18,600 பவுண்டாக இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பு விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கே பொருந்தியது. சில நாட்கள் தள்ளிப்போட்டவர்கள் 10,400 பவுண்டு கூடுதலாகக் காட்ட வேண்டியதாயிற்று.

தொகை மட்டும் போதாது. ஸ்பான்சர் அதே நிறுவனத்தில் 6 மாதம் வேலை பார்த்து, அந்த 6 மாதச் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கையும் காட்டுவது நேரடியான வழி. ஆக, விண்ணப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போது நல்ல ஆஃபர் வந்தது என்று வேலை மாறினால் கடிகாரம் திரும்ப ஓட ஆரம்பிக்கலாம். வங்கி அறிக்கையின் கடைசி நாள், விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனைச் சான்று 6 மாதம்தான் செல்லும். இங்கே இருக்கும் மனைவியின் சென்னை சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது.

இருவருமே இந்தியாவில் வாழ்ந்து, இப்போது பிரிட்டனுக்குச் சேர்ந்து குடிபெயரத் திட்டமிடும் ஜோடிகளும் உண்டு. அவர்களில் பிரிட்டிஷ் குடிமகன், இங்கே வாங்கும் சம்பளத்தோடு, அங்கே திரும்பிய 3 மாதத்துக்குள் தொடங்கும் வேலைக்கான உறுதியான ஆஃபரையும் காட்டலாம். வேலை முதலா, விசா முதலா என்று குழம்ப வேண்டாம். ஆஃபர் கையில், சேரும் தேதி தள்ளி, நடுவில் விசா.

மாணவர்கள் பக்கம் கதவு ஏற்கெனவே சாத்தியாயிற்று. 2024 ஜனவரி முதல் தொடங்கும் வழக்கமான முதுகலைப் படிப்புகளில் துணையை அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்பென்றால்தான் வாய்ப்பு. 'அவர் எம்எஸ்ஸி படிப்பார், நான் கூடப் போய் வேலை பார்ப்பேன்' என்ற பழைய திட்டத்தை இன்னும் சில கன்சல்டன்சிகள் விற்றுக்கொண்டிருப்பது கொடுமை.

டூரிஸ்ட்டா போயிட்டு மாத்திக்கலாமா?

கல்யாண வீட்டுப் பந்தியில் அதிகம் பரிமாறப்படும் இலவச ஆலோசனை இதுதான். பிரிட்டனில் விசிட்டராகப் போய் உள்ளிருந்தே துணை விசாவுக்கு மாற முடியாது. ஆஸ்திரேலியாவில் விசிட்டர் விசாவில் 8503 என்ற நிபந்தனை இருந்தால், உள்ளே இருந்தபடி துணை விசா கேட்க முடியாது. அமெரிக்காவில் நுழையும்போதே தங்கிவிடும் எண்ணத்தை மறைத்ததாக முடிவானால், அது பொய்த் தகவல் என்ற கணக்கில் போய், பிறகு எந்த விசா கேட்டாலும் துரத்தும்.

ஆஸ்திரேலியாவில் நம் ஆட்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. வெளியே இருந்து கேட்கும் 309 விசாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம், முடிவு வருவதற்குள் திருமணம் நடந்தால் போதும். வழக்கமாக முதலில் தற்காலிக விசா, விண்ணப்பித்து இரண்டு ஆண்டு கழித்து நிரந்தர விசாவுக்கான பரிசீலனை. விண்ணப்பிக்கும்போதே மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தால் நேரடியாக நிரந்தர விசா கிடைக்க வாய்ப்புண்டு. கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நிராகரித்தால் திரும்ப வராது.

வேலையை எப்போது விடுவது?

இந்த மொத்தக் கணக்கிலும் அதிகம் இழப்பது பெரும்பாலும் பெண்கள்தான். நிச்சயம் முடிந்த கையோடு 'எப்படியும் அங்க போகப்போறா, இங்க எதுக்கு வேலை?' என்று ராஜினாமா செய்ய வைக்கிறார்கள். பிறகு விசா ஒரு வருடம் இழுக்கும்போது, சம்பளமும் இல்லாமல், கணவரும் பக்கத்தில் இல்லாமல், 'என்னம்மா இன்னும் கிளம்பலையா?' என்று கேட்கும் தெருவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது அவர்கள்தான். விசா கையில் வரும் வரை வேலையை விடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

விசா வந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. ஆஸ்திரேலிய விசாவில் முதல் நுழைவுக்கான கெடு, பொதுவாக மருத்துவப் பரிசோதனையும் போலீஸ் சான்றிதழும் எடுத்த நாளிலிருந்து 12 மாதத்தை ஒட்டி அமையும். அமெரிக்கக் குடியேற்ற விசா அதிகபட்சம் 6 மாதம் செல்லும், மருத்துவச் சான்று அதற்கு முன் காலாவதியானால் அதுவும் குறையும். ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். 'எதுக்கும் இப்பவே எடுத்து வெச்சுடுவோம்' என்று மெடிக்கலையும் போலீஸ் சான்றிதழையும் யாரும் கேட்பதற்கு முன்பே எடுத்தவர்களுக்கு, விசா வரும் நாளில் அந்த 90 நாள்கூட மிச்சம் இருக்காது.

அமெரிக்கா போவோர் டிக்கெட் போடும் முன் கல்யாணத் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கக் குடிமகனின் துணையாகக் குடியேற்ற விசாவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு முடிந்திருக்காவிட்டால், கிடைப்பது 2 ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 படிவம், திரும்பவும் ஃபோட்டோ, திரும்பவும் வங்கிக் கணக்கு, திரும்பவும் கட்டணம். இரண்டாவது திருமண நாள் அடுத்த வாரம் வருகிறது என்றால், அதை இங்கேயே கொண்டாடிவிட்டு விமானம் ஏறலாம்.